அம்மாவின் விடியற்காலை ஃபிட்ஸ்

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வந்து 15 வருஷம். போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, விடிய இன்னும் நேரம் இருந்தது, கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு ஓடினால் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, பல் கிட்டிப் போயிருக்கிறது, புடவையெல்லாம் வியர்வை. பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார். அதனால் எதுவும் நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் போன கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப்ஸ் போட்டு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை 142. மூளையைப் பார்க்கிற எம்ஆர்ஐ, இஇஜி எதிலும் ஒன்றும் இல்லை. சரி, வயசாகி வந்த வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தது, டோஸைக் கூட்டினார்கள், அம்மா பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த வியர்வைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை இழுப்பு அடங்கியதும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் விரலைக் குத்திப் பார்த்தேன். 36. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றிய சில நிமிஷத்தில் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொன்னார்.

டாக்டர் காலண்டரை எடுக்கச் சொன்னார். இழுப்பு வந்த மூன்று தடவையும் முந்தின நாள் என்ன என்று பார்த்தால், இரண்டு ஆடி வெள்ளி, ஒரு கிருத்திகை. மூன்று நாளும் விரதம், ராத்திரி ஒரு வாழைப்பழம் மட்டும், ஆனால் சர்க்கரைக்கான கிளிமிபிரைட் மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்கவைக்கும். கிரியாட்டினின் வேறு 1.9, சிறுநீரகம் தளர்ந்ததால் மருந்து சீக்கிரம் வெளியேறவில்லை. மூளைக்கு என்று பெரிய சேமிப்பு கிடையாது, ரத்தத்தில் வருகிற குளுக்கோஸை நம்பித்தான் ஓடுகிறது. முதல் தடவை 142 காட்டியது டிரிப்ஸுக்கு அப்புறம் எடுத்ததால்தான். சர்க்கரை மிக அதிகமாக ஏறினாலும் ஒரு பக்கக் கை மட்டும் துடிக்கிற மாதிரி வலிப்பு வரலாம் என்றார்.

சரியான பிறகும் ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள், இந்த மாத்திரையில் சர்க்கரை ஏறி மறுபடி இறங்குமாம். இப்போது சர்க்கரை மாத்திரையை மாற்றிவிட்டார்கள். வலிப்பு மாத்திரையை நரம்பியல் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், நாமாகச் சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். ஏழு மாதமாக எதுவும் வரவில்லை. விரதத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார், ராத்திரி இரண்டு இட்லியாவது பலகாரம் சாப்பிட வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன்.