கடல்ல போய் படிச்ச பசங்க

வேல்ஸ் கடலோரத்துல செயின்ட் டொனாட்ஸ்னு ஒரு பழைய கோட்டை இருக்கு, அதுக்குள்ள தான் 1962ல அட்லாண்டிக் காலேஜ் ஆரம்பிச்சாங்க. பேரு தான் காலேஜ், உண்மையில நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயசு பசங்க தங்கிப் படிக்கிற பிரைவேட் ஸ்கூல். இதுக்குப் பின்னாடி இருந்த ஜெர்மன் கல்வியாளர் கர்ட் ஹான் நம்புனது ஒண்ணு தான், புக்கு மட்டும் பத்தாது, அடுத்தவங்க உயிரக் காப்பாத்துற பொறுப்பையும் பசங்ககிட்ட குடுக்கணும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த போட் கதை. பாய்மரப் படகுகளுக்குப் பாதுகாப்பா கூடப் போற ரப்பர் போட்டோட அடிப்பாகம் கரையில இழுத்து இழுத்து தேஞ்சு போகுது, உடனே முதல் ஹெட்மாஸ்டர் டெஸ்மண்ட் ஹோரும் (நேவி அட்மிரலா இருந்தவர்) பசங்களும் சேர்ந்து அடியில பிளைவுட் வச்சு கட்டிப் பாக்குறாங்க, கடல்ல விட்டுப் பாக்குறாங்க, சரியா வரலன்னா திரும்பக் கட்டுறாங்க, இப்படியே வருஷக்கணக்குல. இன்னைக்கு உலகம் பூரா கோஸ்ட் கார்டு ஓட்டுற ரிப் போட் (அடிப்பாகம் கெட்டியா, சுத்தி காத்தடைச்ச ட்யூப் வச்ச படகு) அப்படி வந்தது தான்!

அங்க பசங்க இப்படி தாங்களே செஞ்சு பாத்து கத்துக்கிட்டாங்க, நான் படிச்ச ஸ்கூல்லயோ பிசிக்ஸ் ப்ராக்டிக்கல் ரீடிங்க சீனியர் நோட்டுல இருந்து காப்பி அடிக்க விட்டாங்க, அந்த வருத்தம் இன்னும் போகல.

ஹோர் அந்த ரிப் போட்டோட பேட்டன்ட்ட வெறும் 1 பவுண்டுக்கு ஆர்என்எல்ஐக்கு (கடல்ல மாட்டுனவங்களக் காப்பாத்துற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு) குடுத்துட்டார். அவங்களும் தங்களோட லைஃப்போட்டுக்கு அட்லாண்டிக் 21னு அந்த ஸ்கூல் பேரையே வச்சாங்க.