தம்பி கேட்டதற்குப் பதில்

"அக்கா, என் நிரல் வரியை மட்டும் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று ஹட்டன் அலுவலகத்தில் தம்பி கேட்டான். அதற்கு நான் சொன்ன பதில் போதுமானதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும், சி மொழியில் எழுதிய மென்பொருளில், ஒரு பதிவின் பாயின்டரை, அதாவது நினைவகத்தில் அது இருக்கும் முகவரியை, முழு எண்ணுக்கான சாதாரண இன்ட்டில் போட்டு, பிறகு திருப்பி எடுத்திருந்தான். 64 பிட் லினக்ஸில் பாயின்டர் 8 பைட், இன்ட் 4 பைட். சோதனையில் எல்லாம் சரியாக வந்தது என்றான். வரும்தான். பழைய முறையில் கட்டிய நிரலில் சிறிய நினைவகத் துண்டுகள் 4 ஜிகாபைட்டுக்குக் கீழேயே, 4 பைட்டில் அடங்கும் முகவரியிலேயே கிடைத்துவிடும். அட்டவணை பெருத்து 128 கிலோபைட்டைத் தாண்டினால், நினைவகம் ஒதுக்கித் தரும் மாலக் வழக்கமாக அதை மிக உயரமான முகவரியில் ஒதுக்கும். மேல் பாதி வெட்டுப்படும், நிரல் விழும். அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், மழையில் பெண்கள் வரிசையில் நிற்கும்போதா அது நடக்க வேண்டும்? என் அம்மா நின்ற வரிசை அது. பாயின்டர் முழுதாக அடங்கும் எண் வகையான யூஇன்ட்பிடிஆர்_டி போடச் சொன்னேன்.

அவன் என் வரியைக் காட்டினான். தொழிலாளியின் இலக்கத்தை வாய்ட் பாயின்டராக்கி (எந்த வகைத் தரவையும் சுட்டக்கூடிய பாயின்டர்), பிறகு அழைக்கப்படும் செயற்கூறான கால்பேக்குக்கு அனுப்பியிருந்தேன். "சி மொழியின் சி99 தரம் உறுதி சொல்வது பாயின்டர் எண்ணாகிப் பாயின்டராகத் திரும்புவதற்குத்தானே? எண் பாயின்டராகி எண்ணாகத் திரும்பினால் அதே எண் வரும் என்று எங்கே இருக்கிறது?"

எங்கும் இல்லை. யூஇன்ட்பிடிஆர்_டி இருந்தாக வேண்டும் என்றுகூடத் தரம் கட்டாயப்படுத்தவில்லை.

நிரலை இயந்திர மொழியாக்கும் ஜிசிசியை மனதில் வைத்து, "நம் கம்பைலரில் வரும்" என்றேன். அவனும் தன் வரிக்கு அதையேதான் சொல்லியிருந்தான்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. சிறிய எண்ணைப் பெரிய இடத்தில் வைத்தால் இழப்பதற்கு எதுவும் இல்லை. சி நிரல்களுக்கான ஜிலிப் நூலகம் இதற்கென்றே மேக்ரோக்கள், அதாவது தயாராக உள்ள நிரல் சுருக்கங்கள், வைத்திருக்கிறது. எண்ணைப் பாயின்டராக மாற்றும்போது என்ன நடக்கும் என்று ஜிசிசி கையேடு எழுதியே வைத்திருக்கிறது. பாயின்டரைச் சிறிய எண்ணில் அடைத்தால் மேல் பிட்டுகள் கழியும் என்றும் அங்கேயே இருக்கிறது. என்னுடையது எழுத்தில் உள்ளதை நம்புகிறது, அவனுடையது முகவரி தாழ்ந்திருக்கும் என்று நம்புகிறது. அன்று இதை இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்கு வாயில் வரவில்லை. சொல்லியிருந்தாலும், "அப்படியானால் வேறு கம்பைலருக்குப் போனால்?" என்று கேட்டிருப்பான், அதுவும் நியாயம்தான்.

இலக்கத்தை ஒரு ஸ்ட்ரக்டில், அதாவது தரவுத் தொகுப்பில், வைத்து அதன் முகவரியை அனுப்பினால் எண்ணைப் பாயின்டராக்கும் மாற்றமே தேவைப்படாது. ஆனால் கால்பேக் முடியும்வரை அந்த ஸ்ட்ரக்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஓடுகிற நிரலில் அந்தப் புதுத் தொல்லை எதற்கு என்றுதான் விட்டுவைத்தேன். அது மட்டும்தான் காரணமா என்று அவன் கேட்கவில்லை. அவன் வரியை அன்றே திருத்திவிட்டான். என் வரி அப்படியே இருக்கிறது.