குடிநோய் பிரிவில் மாணவர்கள்: ஒரு போஸ்டிங் நாட்குறிப்பு

2025 ஜனவரி 20, திங்கள்

மனநலப் பிரிவுக்குப் புது எம்.பி.பி.எஸ். அணி வந்திருக்கிறது. முதல் நாள் பாடம் கிடையாது, ஒரு தாள் மட்டும். எம்.சி.ஆர்.எஸ். என்ற அளவுகோல், ஒரு நோய் உள்ளவர்களை மருத்துவர் எந்த மனநிலையோடு பார்க்கிறார் என்று அளப்பது, 2002-இல் வெளியானது. 11 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். இந்த நோயாளிகளைப் பார்ப்பதில் நிறைவு உண்டா, இவர்களுக்குச் செலவழிப்பது தண்டமா என்கிற ரகக் கேள்விகள். எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் (1 என்றால் 6, 2 என்றால் 5) கூட்ட வேண்டும். அதை மறந்தால் மொத்தக் கணக்கும் குப்பை.

தாளை இரண்டு முறை நிரப்பச் சொல்ல வேண்டும். ஒன்று சர்க்கரை நோயாளிக்கு, ஒன்று குடிநோயாளிக்கு. தனியாகக் குடிநோய்க்கு மட்டும் கொடுத்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையைச் சொல்லும். பெயர் வேண்டாம், அவரவர் வைத்துக்கொள்ளும் ரகசிய எண் போதும். வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியர் தாளை வாங்கக் கூடாது.

தாளே இல்லாமலும் அளக்கலாம். சர்க்கரைக்காரரிடம் "வாங்கய்யா, உட்காருங்க" என்கிற அதே வாய், பக்கத்துக் கட்டிலில் "என்ன, நேத்தும் குடிச்சியா?" என்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி 21, செவ்வாய்

கேஸ் ஷீட்டில் "எப்போதாவது குடிப்பார்" என்று எழுதி வருகிறார்கள். "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? "வேலை முடிஞ்சு உடம்பு அலுப்புக்கு என்ன எடுத்துக்குவீங்க, குவாட்டரா, கட்டிங்கா?" என்று கேட்டால் கணக்கு தானாக வரும். 42.8 சதவீதச் சரக்கில் 30 மி.லி. என்பது ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். கட்டிங் (90 மி.லி.) 30 கிராம், குவாட்டர் (180 மி.லி.) 60. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் 40 கிராமுக்கு மேல். "பீர்தானே சார்" என்று மாணவர்களே சொல்வதால் இந்தப் பெருக்கலை ஒவ்வொருவரையும் கையால் போடவைக்க வேண்டும்.

இன்னொரு நல்ல கேள்வி: "மதியம் 12 மணிக்குக் கடை திறக்கிற வரைக்கும் கை தாங்குதா?" தாங்காது என்றால் ஆடிட் என்ற குடிப்பழக்கச் சோதனைப் பட்டியலின் 10 கேள்விகளை முடிக்கும் முன்பே பாதி விடை கிடைத்த மாதிரி.

ஜனவரி 23, வியாழன்

மாணவர்களின் வெறுப்பு பெரும்பாலும் எலும்பு முறிவு வார்டில்தான் பிறக்கிறது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார். சேர்த்த அன்று சாதுவாக இருந்தவர், மறுநாள் கை நடுங்கி, வியர்த்து, மூன்றாம் நாள் இரவு டிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு, இல்லாத பூச்சியைப் போர்வையில் தட்டுகிறார். "குடிகாரன் ரகளை பண்றான்" என்று கையைக் கட்டி, ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை மட்டும் போட்டு வைப்பார்கள். அது வலிப்பு வரும் வரம்பைக் குறைக்கும் மருந்து.

அது ரகளையல்ல, குடி திடீரென நின்றதன் விளைவு, கடிகாரம் போல வருவது. கடைசி மடக்கு முடிந்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணிக்குள் டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பம். அதனால் கேஸ் ஷீட்டின் முதல் வரியே "கடைசியாகக் குடித்த நேரம்" என்றிருக்க வேண்டும். தேதி போதாது, மணி வேண்டும்.

குடியை நிறுத்திய பின் வரும் தொந்தரவு எவ்வளவு கடுமை என்று அளக்கும் சீவா அளவுகோலில் 10 அம்சங்கள், அதிகபட்ச மதிப்பெண் 67. பேசத் தெளிவுள்ளவருக்குத்தான் அது செல்லும். டெலிரியத்தில் இருப்பவருக்குப் போட்டு "15 தான் சார்" என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. நடுக்கத்தை அடக்கும் குளோர்டயஸபாக்சைடு மாத்திரையை வேளை பிரித்துக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். கல்லீரல் கெட்டிருந்தால் அதே வகை மருந்தான லோரஸிபாம். தலையில் ரத்தக்கட்டு, சர்க்கரை இறக்கம், தொற்று மூன்றையும் பார்க்காமல் எல்லாவற்றையும் குடி மேல் போடுவதும் அதே வெறுப்பின் இன்னொரு முகம்.

குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1), அதுவும் ஊசியாக. குடித்த குடலில் மாத்திரை சரியாக ஏறாது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு என்ற மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் வெர்னிக் நோயாளிகளில், அதாவது தயமின் குறைவால் மூளை பாதிக்கப்பட்டவர்களில், பலரைத் தவறவிடுவோம். சந்தேகம் வந்தாலே 500 மி.கி. நரம்பு வழியாக, நாளைக்கு மூன்று வேளை. ஆனால் சர்க்கரை இறங்கியிருந்தால் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது.

ஜனவரி 24, வெள்ளி

தைப்பூசம் பிப்ரவரி 11. குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் விரதத்தில் இருக்கும் சமயம். தினம் ஆஃப் அடித்தவர் மாலை போட்ட அன்றே முழுக்க நிறுத்தினால், இரண்டாம் நாள் வலிப்பு வரலாம். வீட்டில் "சாமி குத்தம்" என்பார்கள். மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதை விட்டு "மாலை எப்ப போட்டீங்க சாமி?" என்று கேட்கப் பழகட்டும், கடைசி மடக்கின் நேரம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. மாசி-பங்குனியில் முத்துமாரிக்குக் காப்பு கட்டும்போதும் இதே கேள்வி. விரதத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்பே வரச் சொல்லி மருந்தின் துணையோடு நிறுத்தச் செய்தால், மாலையே நல்ல காவல்.

ஜனவரி 27, திங்கள்

டைசல்ஃபிராம், குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து. "நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்ற சுவரொட்டிகளைப் பார்த்து, சாம்பாரில் கலக்க ஒரு பொடி கேட்டு வரும் அக்காவைத் திட்டி அனுப்பக் கூடாது. தெரியாமல் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு. இதயம் பலவீனமானவர் இறக்கவும் கூடும். கடைசி மடக்கிலிருந்து குறைந்தது ஒரு நாளாவது கழித்து, அவர் சம்மதித்து, அவரே அறிந்து விழுங்க வேண்டிய மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை காட்டும்.

மறுபடியும் குடிக்காமல் இருக்க உதவும் மருந்துகள் வேறு இரண்டு. நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. தினம் ஒன்று. அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை, சிறுநீரகம் பார்த்துத்தான். இப்படி மருந்துகள் உண்டு என்றே பலருக்குத் தெரியவில்லை. "அட்வைஸ் பண்றதைத் தவிர என்ன சார் இருக்கு?" என்ற அலுப்பில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

மறுபடியும் அதே தாள். கூட்டுத்தொகையைவிட, எந்த வாக்கியம் நகர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். பரிவு பற்றிய வரிகள் சொற்பொழிவால் ஏறி, தேர்வுக்குள் இறங்கிவிடும். "என்னால் உதவ முடியும்" என்ற வரி, ஒரு நடுக்கத்தைத் தானே மருந்து கொடுத்து அடக்கிய பிறகுதான் ஏறும்.

வார்டில் மட்டும் கற்பவர்கள் திரும்பத் திரும்பச் சேர்பவர்களை மட்டுமே பார்க்கிறார்கள். நிறுத்தியவர் வார்டுக்கு வருவதில்லை. அதனால் கடைசி நாளைப் புறநோயாளிப் பிரிவில், மறுபார்வைக்கு வருபவர்களோடு வைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் "குடிக்கக் கூடாது" என்ற ஒற்றை வரிக்குப் பதில்: மருந்து, மறுபார்வைத் தேதி, குடித்துவிட்டாலும் அதே தேதிக்கு வரலாம் என்ற வரி, 14446 (போதை மீட்பு), 14416 (மனநலம்) என்ற இரண்டு உதவி எண்கள். குளோர்டயஸபாக்சைடு அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, அதுவே பழக்கமாகிவிடும்.