சீழ் பிளேட்டில் டைபாய்டு கிருமி

பித்தப்பை அறுவை முடிந்து மூன்று வாரம்; தையல் போட்ட இடத்தில் கசிவு. இப்படி எழுதிய படிவத்தோடு ஒரு ஸ்வாப் (சீழைத் தொட்டெடுத்த பஞ்சுக்குச்சி) ஆய்வகத்துக்கு வந்தால் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, ஸ்டாஃப் என்ற வழக்கமான கிருமி வரிசைதான் மனதில் ஓடும். டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா அந்த வரிசையில் இல்லை. அது மலத்திலும் இரத்தத்திலும் தேட வேண்டியது என்று பழகிவிட்டோம். ஆனால் டைபாய்டு வந்து போன சிலரின் பித்தப்பையில், கல்லின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு அது வருடக்கணக்கில் இருக்கும். அறுவையின்போது பித்தநீர் சிந்தினால் புண்ணுக்கு வந்துவிடும்.

வளர்ப்பதில் சிரமமே இல்லை. சாதாரண மெக்கான்கி பிளேட்டில் (குடல் கிருமிகளை வளர்க்கும் ஊடகத் தட்டு) ஒரே இரவில் நிறமற்ற காலனிகள் வந்துவிடும். சறுக்குவது அடுத்த படியில். ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை நெகட்டிவ், சர்க்கரைகளும் இரும்பும் கலந்த டி.எஸ்.ஐ. குழாயில் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், கூடவே கறுப்பு. உடனே கை, இதே நிறங்களைக் காட்டும் இன்னொரு கிருமியான 'புரோட்டியஸ்' என்று எழுதிவிடும். மெக்கான்கியில் புரோட்டியஸ் படராது என்பதால் படரவில்லையே என்ற சந்தேகமும் எழாது. புரோட்டியஸ் படரும் பிளட் அகார் பிளேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூரியா குழாய் போட்டால் விவகாரம் தீர்ந்தது: புரோட்டியஸ் சில மணி நேரத்திலேயே ரோஸ் நிறமாக்கும், சால்மோனெல்லா மாற்றாது. இதேபோல் தோன்றும் சிட்ரோபாக்டர் என்ற கிருமியைப் பிரிக்க லைசின் சோதனை உதவும். டைபாய்டு தரும் டைஃபி வகையில் வாயு கிடையாது. கறுப்பும் சரிவும் அடியும் சேருமிடத்தில் மீசை போல மெல்லிசாகத்தான் இருக்கும். பாராடைபாய்டு தரும் பாராடைஃபி ஏ வகை இன்னும் ஏமாற்றுக்காரன். கறுப்பு பெரும்பாலும் வராது, லைசினும் நெகட்டிவ்.

ஸ்லைடில் கிருமியோடு சீரம் (அந்தக் கிருமியைத் திரளவைக்கும் எதிர்ப்பொருள்) சேர்த்துப் பார்க்கும்போது, தானாகவே திரள்கிறதா என்று அறிய உப்புநீர்த் துளி ஒன்றையும் பக்கத்தில் வைக்காமல் நம்பக் கூடாது. டைஃபியாக இருந்து, அதற்குரிய ஓ-9 சீரத்தில் திரளவில்லை என்றால், மேலே போர்த்தியிருக்கும் வி.ஐ. உறைதான் காரணமாக இருக்கும். கரைசலைக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்து, ஆறியபின் மறுபடி பார்த்தால் திரளும்.

பெரிய கெடுதல் நடப்பது மருந்துப் பட்டியலில். சீழ் மாதிரிக்குப் போடும் வழக்கமான டிஸ்குகளில் (மருந்து தோய்த்த சிறு வில்லைகள்) ஜென்டாமைசினும் அமிக்காசினும் சுற்றிலும் கிருமி வளராத பெரிய வட்டம் காட்டும். அதை 'சென்சிடிவ்' (மருந்து கேட்கும்) என்று எழுதி அனுப்பக் கூடாது. செல்லுக்குள் ஒளியும் இந்தக் கிருமியிடம் அவை உடம்பில் வேலை செய்யாது. முதல், இரண்டாம் தலைமுறை செபலோஸ்போரின்களும் அப்படியே. சிப்ரோஃபிளாக்சசின் வட்டம் 28 மி.மீ. வந்தால் ஈ.கோலைக்கு அது சென்சிடிவ். சால்மோனெல்லாவுக்கு 31 வேண்டும். அதே வகையைச் சேர்ந்த பெஃப்லாக்சசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க்கும் போட்டு, வட்டம் 24 மி.மீ.-க்குக் குறைந்தால் அந்த வகை மருந்தையே தவிர்க்கச் சொல்வது நல்லது.

குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். அறுவை திருவனந்தபுரத்தில், தையல் பிரிப்பது மார்த்தாண்டத்தில், கசிவு வந்தபின் நாகர்கோவிலில். பழைய கேஸ் ஷீட் யாரிடமும் இராது. "முன்னால எப்பவாவது நாள்கணக்கா காச்சல் கெடந்தீங்களா?" என்று நேரில் கேட்பதுதான் வழி. "ஆமா, மூணு வாரம் கெடந்தேன்" என்ற பதில் படிவத்தில் ஒருபோதும் வராது. இல்லை என்று சொன்னாலும் விட்டுவிட முடியாது; காய்ச்சலே நினைவில்லாமல் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு.

எலும்பு, முதுகெலும்புத் தட்டு, மண்ணீரல், மார்பகம், செயற்கை மூட்டு என எங்கும் இது சீழ்வைக்கலாம். இதற்கு இடம்கொடுக்கும் காரணமாகப் புத்தகங்கள் அரிவாள் செல் நோயை (இரத்தச் சிவப்பணு வளையும் பரம்பரை நோய்) முதலில் சொல்லும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவையும் ஸ்டீராய்டு மாத்திரையையும். ஐம்பது தாண்டியவருக்கு இரத்தக் கல்ச்சரிலும் (வளர்ப்புச் சோதனை) கிருமி வந்தால், அது தொற்றியிருக்கிறதா என்று பெருந்தமனியை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

எலும்புத் துண்டைக் கிருமியைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் கல்ச்சர் அங்கேயே முடிந்தது. ஒரு பாதியை மலட்டு உப்புநீரில் தனியாக அனுப்ப வேண்டும். குளச்சலிலிருந்து பஸ்ஸில் வருவதற்குள் ஸ்வாப் காய்ந்துவிடும். சிரிஞ்சில் உறிஞ்சிய சீழை மூடியுள்ள மலட்டுக் குப்பியில் மாற்றி அனுப்புவது மேல்.

சீழை வடிக்காமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்தை மட்டும் ஏற்றினால் காய்ச்சல் இறங்கும், புண் ஆறாது. எலும்பு என்றால் மருந்து குறைந்தது 4 முதல் 6 வாரம். கிருமியை நியூட்ரியன்ட் அகார் ஸ்லோப்பில் (சரிவாக உறையவைத்த ஊடகக் குழாய்) எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய புண் ஆறு மாதம் கழித்து மறுபடி கசிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.