டிஃபெக்ட் ஆம்ப் வாங்கிச் சரிசெய்வது: குன்னூரிலிருந்து ஓர் அனுபவம்

குன்னூரில் கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச் கொயர், பள்ளிக்கூட பேண்ட், டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ் என்று வருஷம் முழுக்க எங்காவது வாசிப்பு இருக்கும். ஆனால் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு இறங்கியாக வேண்டும். வாங்கிய ஆம்ப் வாரண்டியில் இருக்கும்போதே நின்றுபோனால் இன்னும் கஷ்டம். எனக்கு அப்படி நின்றபோது, "சென்னை சர்வீஸ் சென்டருக்கு நீங்களே அனுப்புங்க சார், போக வர லாரி செலவு உங்களுது" என்று சொல்லிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் செலவுக்குச் சால்டரிங் அயனும் நல்ல மல்டிமீட்டரும் வாங்கிவிடலாம் என்று தோன்றியது. வாங்கினேன். அந்த ஆம்ப் சரியானதும், கடைக்காரர்கள் பின்பக்கம் அடுக்கி வைத்திருக்கும் டிஃபெக்ட் பீஸ்கள் மேல் கண் போனது.

இவை பழைய சாமான் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுப் பெட்டிகள். முதல் தடவை சுவிட்ச் போட்டதும் சத்தம் வராமலோ, நாலு நாளில் நின்றுபோயோ, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தவை. நான் வாங்கியவை கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிடைத்தன. வாரண்டி கிடையாது, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். பில்லில் 'பழுதான நிலையில் விற்கப்பட்டது' என்று எழுதி வாங்கிக்கொள்வேன். அது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பத்து வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் ஆம்ப்பைவிட ஒரு டிஃபெக்ட் பீஸ் எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். பழையதில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். கண்டன்சர் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்) உலர்ந்திருக்கும், வால்யூம் கன்ட்ரோல் கரகரக்கும், ஸ்பீக்கர் தளர்ந்திருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பும். டிஃபெக்ட் பீஸில் எல்லாம் புதுசு, எங்கோ ஒரே ஓர் இடம்தான் தப்பு. நான் பார்த்தவரை அந்த இடம் ஐ.சி. சிப்போ டிரான்ஸ்ஃபார்மரோ ஆக இருப்பது அபூர்வம். ஈயம் (சால்டர்) சரியாகப் பிடிக்காத ஒரு பாகத்தின் கால், முழுசாக உள்ளே போகாத ஒரு கனெக்டர், போர்டு மேல் மட்டும் நின்றுகொண்டிருக்கும் ஒரு ஜாக் (கேபிள் சொருகும் இடம்). இவ்வளவுதான்.

ஆனாலும் கடையிலேயே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். முதலில் பின்பக்க லேபிள்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டிகளும் இந்தக் குவியலில் கலந்திருக்கும். பிறகு மூக்கு. கிரில் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தால், கருகிய டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் வாடை காட்டிக்கொடுத்துவிடும். கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோவேன். கரண்ட் கொடுக்காமல், சுவிட்சை மட்டும் ஆன் செய்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பார்ப்பேன். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்ன ஆம்ப்பில் சில பத்து ஓம் காட்டினால் பிரைமரி, அதாவது கரண்ட் நுழையும் சுருள், உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பேன். ஃபியூஸும் நன்றாக இருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவேன். ஸ்பீக்கர் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 6, 7 என்றுதான் காட்டும், அது சரியான அளவுதான். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு எடுத்தால் 'டொக்' என்று சத்தம் வர வேண்டும். ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருந்து மற்றதெல்லாம் போன ஒரு பெட்டியை, ஸ்பீக்கர் கேபினெட்டாகப் பயன்படுத்தவே வாங்கியிருக்கிறேன்.

என்னிடம் யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: விளக்கு எரிந்து சத்தம் வராத பீஸை வாங்குங்கள். விளக்கே எரியாததை யோசித்து வாங்குங்கள். ஃபியூஸ் போட்டதும் போட்டதும் எரிகிறது என்றால் தொடக்கத்திலேயே அது வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். என்ற சுவிட்சிங் முறை பவர் சப்ளை உள்ளவற்றை நான் தொடுவதில்லை. அதில் 230 வோல்ட் நேரடியாக டி.சி. ஆகி, கண்டன்சரில் 325 வோல்ட் வரை நிற்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கடையில் வாசித்துப் பார்த்து வாங்கிய ஆம்ப் ஒன்று வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது. பஸ்ஸில் லக்கேஜாக வந்த குலுக்கலில், அரைகுறையாகப் பிடித்திருந்த ஈயம் முழுசாக விட்டுவிட்டது. நிரந்தரமாகக் கெட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம், வந்து வந்து போவதுதான் உயிரை வாங்கும். மலை ஏறும்போதே அந்தக் குறை தெளிவாக வெளியே வந்துவிட்டதில் எனக்கு வேலை மிச்சம்.

பெட்டியைத் திறக்கும் முறையைக் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் இருந்த ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் கற்றேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர். "தம்பி, பிளக்கைப் புடுங்கிட்டா கரண்ட் போச்சுன்னு நினைக்காத. கண்டன்சர்ல நிக்கும். முதல்ல அத இறக்கு" என்பார். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 25, 35 வோல்ட் நிற்கும். வால்வு ஆம்ப்பில் 300 முதல் 450 வோல்ட் வரை நிற்கும், ஆளைக் கொல்லும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்காமல், ஒரு ரெசிஸ்டரைக் கிளிப் வயரில் மாட்டி மெதுவாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவர் விதி. இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். வால்வு ஆம்ப் வந்தால் இன்றுவரை நான் தனியாகத் திறப்பதில்லை.

அடுத்தது சீரிஸ் லேம்ப். ஆம்ப்புக்குப் போகும் ஃபேஸ் லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டி சுவிட்ச் போடுவது. பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்தால் உடனே அணைக்க வேண்டும். பல்ப் கரண்டை மட்டுப்படுத்துவதால் புதிதாக ஏதாவது எரியும் ஆபத்து குறைவு. எல்.இ.டி. பல்ப் இதற்கு ஆகாது, பழைய இழை பல்ப்தான் வேண்டும். இப்போது அது சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதால் பார்த்த இடத்தில் வாங்கி வைத்துவிடுகிறேன்.

பஸ்ஸில் ஊமையான அந்த ஆம்ப்பில் குறை இன்புட் ஜாக்கில். கேபிளை மாட்டிக் கழற்றும் பலமெல்லாம் போர்டில் உள்ள ஈயத்தின் மேலேயே விழும்படி அமைத்திருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல். இதைத்தான் டி.வி. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்கள். சிலர் ஈயம் மங்கலாக இருந்தாலே டிரை சால்டர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அது சரியில்லை. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் காரீயக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பெரும்பாலான போர்டுகளில் காரீயம் கலக்காத சால்டர்தான் இருக்கும். அது நன்றாகப் பிடித்திருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். விரிசல் இருக்கிறதா, கால் ஆடுகிறதா என்றே பார்க்க வேண்டும். மரக்குச்சியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டி, எங்கே தட்டும்போது சத்தம் வந்து போகிறது என்று கேட்பதும் நல்ல வழி. காரீயம் கலக்காத அந்தச் சால்டர் உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183-லேயே உருகும். அதனால் பழையதைப் பம்ப் வைத்து முழுசாக உறிஞ்சி எடுத்துவிட்டு, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வைக்கிறேன். மேலேயே கொஞ்சம் ஈயத்தைப் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என்னை நிறைய நேரம் உட்கார வைத்தது வேறொன்று. விளக்கு எரியும், சத்தமும் வரும், ஆனால் நசுங்கி, கிழிந்து வரும். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், அதே சத்தம். ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆகவே பவர் பகுதி நன்றாக இருக்கிறது. முன்பகுதியில் சிக்னலைப் பெருக்கும் டி.எல்.072 என்ற எட்டுக் கால் ஐ.சி.கள். அதன் எட்டாவது காலில் பிளஸ் 15 வோல்ட், நாலாவது காலில் மைனஸ் 15 வோல்ட் இருக்க வேண்டும். பிளஸ் இருந்தது, மைனஸ் இல்லை. வரிசையில் இருந்த எல்லா ஐ.சி.யிலும் அப்படியே. அப்படியென்றால் ஐ.சி. எதுவும் கெடவில்லை, அவற்றுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பின்னாலேயே போனால் வெள்ளைச் செங்கல் வடிவில் ஒரு 5 வாட் ரெசிஸ்டர். பெரிய வோல்டேஜைக் குறைத்து, வோல்டேஜை நிலையாக வைக்கும் ஜீனர் டையோடுக்குக் கொடுக்கும் வேலை அதற்கு, நன்றாகவே சுடும். அதைப் போர்டோடு ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கால் சரியாக ஈயம் ஏறாமல், சூட்டில் விரிந்து சுருங்கி விட்டுப்போயிருந்தது. பிளஸ், மைனஸ் இரண்டு பக்க ரெசிஸ்டர்களையும் கழற்றி, போர்டிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்தி, கீழே காற்று போகும்படி மறுபடி வைத்தேன். ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் மாற்றவில்லை. கிட்டாரின் ஆறு கம்பியும் தனித்தனியாகச் சுத்தமாகக் கேட்டபோது வந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் இறங்கி, தானே ஏறும் குறைக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (வெளியிலிருந்து எஃபெக்ட் பெட்டியை இடையில் சேர்க்கும் ஜாக்குகள்) இருந்தால் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் நிலைத்துவிட்டால், ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் கான்டாக்ட்தான் குற்றவாளி. கான்டாக்ட் கிளீனர் அடித்து பிளக்கைப் பலமுறை சொருகி எடுத்தால் போதும். குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழையிலும் பனிமூட்டத்திலும் இது திரும்ப வரும், ஆம்ப்பை ஈரச் சுவரோரம் வைக்காதீர்கள்.

உறுமல் சத்தத்துக்காக எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் எர்த்தே இல்லாத பிளக் பாயின்ட்கள் இருக்கின்றன. ஆம்ப் உள்ளே ஒரு வயர் கழன்று சேசிஸை (உலோகச் சட்டத்தை) தொட்டால், 230 வோல்ட் கிட்டார் கம்பி வழியாகப் பிள்ளைகளின் விரலுக்கு வரும். மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றது என்று யாராவது சொன்னால் வாசிப்பை நிறுத்திவிட்டு முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்வேன். ஆம்ப் கொடுக்கும் வீட்டுக்குப் போய் நானே மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்டாவிட்டால், எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் போட்ட பிறகே பெட்டி அங்கே போகும்.

சரிசெய்ததும் உடனே கொடுத்துவிடுவதில்லை. சில மாலைகள் தொடர்ந்து ஓடவிடுவேன். அப்புறம் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போகும் நண்பரின் டெம்போவில் கீழே போய் மேலே வரும். திரும்பி வந்து வாசித்தால் அதே சத்தம் வர வேண்டும், அதுதான் கடைசிச் சோதனை. என்ன குறை இருந்தது, எந்தக் காலை மறுபடி ஈயம் வைத்தேன், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிப் பின்பலகையின் உட்பக்கம் ஒட்டிவிடுகிறேன். வாங்குபவருக்கும் அதைக் காட்டி, இது டிஃபெக்ட் பீஸாக வந்தது என்று சொல்லி, வாங்கிய விலையோடு செலவை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறேன். இப்போது அப்படிக் கொடுத்தவற்றில் ஒன்று சர்ச் கொயரில் இருக்கிறது, இன்னொன்றில் பள்ளி முடித்த ஒரு பெண் தினமும் பயிற்சி செய்கிறாள்.