யோனாவுக்கும் கப்பல் கிடைத்தது

“வாசல் திறந்திருக்கு, மனசிலும் சமாதானம் இருக்கு, அப்போ இது தேவசித்தம்தான்.” வேலை மாறுவதானாலும் வீவக வீடு வாங்குவதானாலும் பிள்ளைக்கு வரன் பார்ப்பதானாலும், சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி காதில் விழும் கணக்கு இது. இதே கணக்கை யோனா முதல் அதிகாரத்தில் போட்டுப் பாருங்கள். யோப்பாவுக்குப் போனார், தர்ஷீசுக்குப் போகும் கப்பல் அங்கே நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. கப்பலின் கீழ்த்தட்டில் படுத்ததும் அயர்ந்த நித்திரையும் வந்தது. எல்லாம் கூடிவந்தன, கர்த்தர் போகச் சொன்ன நினிவேக்கு எதிர்த்திசையில்.

2 கொரிந்தியர் 2:12, 13 இதற்கு மறுபக்கம். துரோவாவில் கர்த்தரே கதவைத் திறந்திருந்தும், உடன் ஊழியர் தீத்துவைக் காணாததால் பவுல் மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அதற்காக அவர் கண்டிக்கப்பட்டதாக எங்கும் இல்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயிலோ, இயேசுவுக்கு இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல வேர்வை விழும் அளவுக்கு வியாகுலம் இருந்தது. அதுதான் பிதாவின் சித்தம் முழுமையாக ஏற்கப்பட்ட இடம்.

ஆகவே ஜெபிக்க முழங்காலிடுமுன் கேள்வியைத் தரம் பிரியுங்கள். வேதம் கட்டளையிட்டதா, விலக்கியதா, நம் பொறுப்பில் விட்டதா? முதல் இரண்டுக்கும் அடையாளம் தேவையில்லை. பரிசுத்தமாயிருப்பதும் (1 தெசலோனிக்கேயர் 4:3) எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதும் (5:18) “தேவனுடைய சித்தம்” என்ற சொல்லோடே எழுதப்பட்டிருக்கின்றன. வேலை அனுமதிக்காகச் சம்பளத்தை ஏற்றிக் காட்டச் சொல்கிறார் முதலாளி என்றால், அதற்கு மூன்று நாள் உபவாசம் எதற்கு? பொய் சொல்லக்கூடாது என்பது ஏற்கெனவே தெரிந்த சித்தம்.

சிரமம் மூன்றாவது வகையில்தான். சம்பளம் கூடுதலான ஒரு வேலை வருகிறது, ஞாயிறும் ஷிப்ட் உண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலில் விவரங்களைத் தாளில் எழுதுங்கள். மாதத்தில் எத்தனை ஞாயிறு? வீடு திரும்ப எத்தனை மணி? இப்போதைய வேலைக்கு நோட்டீஸ் எவ்வளவு? ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், வேலை நியமனச் சட்டப்படி 2 ஆண்டுக்கு மேல் 5 ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் பார்த்தவருக்கு 4 வாரம். இதையெல்லாம் விசாரிப்பது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள் உண்டு. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவர்தான்.

அடுத்து ஒரு கேள்வி: சம்பளம் இதே அளவுதான் என்றால் போவீர்களா? பதிலை மாற்றாமல் எழுதுங்கள். பிறகு மூன்று பேரிடம் பேசுங்கள்: அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், உங்கள் முடிவால் அதிகம் பாதிக்கப்படும் ஒருவர் (பெரும்பாலும் கணவரோ மனைவியோ), போதகர் அல்லது மூப்பர். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. முடிவை எடுத்துவிட்டுப் போதகரிடம் ஜெபம் மட்டும் கேட்பார்கள். ஞாயிறு ஷிப்ட் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். அப்போஸ்தலர் 16:10ஐக் கவனியுங்கள். மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர். நிச்சயித்துக்கொண்டதோ “நாங்கள்”.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஆறுதல் தரலாம், வழிகாட்டும் பலகையாக்காதீர்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைச் சொல்லும் எரேமியா 29:11 வந்தவர்கள் 10ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும்: அந்த வாக்கு பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறிய பின்புதான். அடையாளம் கேட்டுக் கிதியோன் போட்ட ஆட்டுத்தோலும் அப்படியே. அவர் தோலைப் போடுமுன்பே கர்த்தர் தெளிவாகப் பேசிவிட்டார்.

இனி மனச்சாட்சியின் காரியம். பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளி முறுக்கு வருகிறது. ஒருவர் சாப்பிடுவார், இன்னொருவர் அது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டதோ என்று தயங்குவார். 1 கொரிந்தியர் 10 விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறது; இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காக விடச் சொல்கிறது. “அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்கிறது ரோமர் 14:5. சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவர் மற்றவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. சந்தேகம் இருக்கும்வரை நீங்கள் தொடாதீர்கள். ஆனால் உங்கள் தயக்கத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் சட்டமாக்காதீர்கள். அப்படிச் செய்துதான் எத்தனையோ நல்ல உறவுகள் கெட்டுப்போகின்றன, வருத்தமாக இருக்கிறது.

நிச்சயம் பிறந்தபின் அதை மேலதிகாரியிடம் சொல்வதற்குத் தானியேல் முதல் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று அவர் சண்டை போடவில்லை, பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டார். மாற்று உணவைச் சொன்னார், பத்து நாள் கெடு வைத்தார். ஞாயிறு விடுப்புக்கும் அப்படியே. சட்டப்படி வாரம் ஒரு ஓய்வு நாள், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்பு ஊழியருக்கும் 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியருக்கும் உண்டு. ஆனால் அது எந்த நாள் என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். ஆகவே இது கேட்டுப் பெற வேண்டியது, கையெழுத்திடுமுன் கேளுங்கள். சனி இரவையும் பொது விடுமுறைகளையும் நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மூன்று மாதம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தலைவனுக்கு ராஜாவைப் பற்றிப் பயம் இருந்ததுபோல உங்கள் மேலாளருக்கும் ஒரு பயம் இருக்கும். அந்த ஞாயிறு யார் நிற்பார் என்பதையும் பேசி முடித்துக்கொண்டு போங்கள்.