ராத்திரி மடை

"இதை எழுதிக்காத பாப்பா" என்று அந்த நீர்கட்டி (வாய்க்காலில் மடை திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர்) சொன்னதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. பேனாவை மூடிவிட்டேன். அவரும் அதோடு விட்டிருக்கலாம். "எழுதலேன்னா உன் கணக்கு தப்பாயிடாதா?" என்று கேட்டார் பாருங்கள், அதுதான் இன்னும் விடமாட்டேன் என்கிறது.

கணக்கு என்று அவர் சொன்னது என் கணினி மாடலை. பாலித் தீவின் சுபக் பாசனத்தை (சுபக் என்றால் விவசாயிகளே கூடித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் குழு) வைத்து ஆய்வாளர்கள் ஸ்டீபன் லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் 1993-ல் வெளியிட்டதுதான் அதற்கு முன்மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீருக்கு அடிதடி, ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சிக்கு ஓயாத விருந்து. பக்கத்துச் சுபக்கின் விளைச்சலைப் பார்த்துப் பார்த்தே, மேலிருந்து யாரும் உத்தரவு போடாமல், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒழுங்கு வந்துவிடும் என்று காட்டினார்கள். நம் காவிரி டெல்டாப் பக்கம் அப்படி வருமா என்பது என் கேள்வி. இங்கே மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பாவை நம்ப வேண்டியதுதான். கல்லணையில் பிரிந்து, ஆளுக்குச் சில நாள் என்று முறை வைத்துவிடும் முறைப்பாசனத்தில் நின்று நின்று, சி, டி என்கிற சின்னக் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் கடைமடையில் நாற்று முற்றிப்போயிருக்கும்.

எழுதிக்காதே என்று நீர்கட்டி சொன்னது இதுதான். முறை முடிந்த பிறகும் ராத்திரியில் சில மடைகளைத் திறந்துவிடுவார். காசுக்கு இல்லை. ஆம்பளை இல்லாத வீடு, கடன் வாங்கி மறுபடி நாற்று விட்டவர், இப்படி. சில சமயம் தலைமடைக்காரர் மேல் இருந்த பழைய கோபமும் உண்டு, அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் இளங்கலையில் இயற்பியல், முதுகலையில் சமூகவியல், இப்போது காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ், பல பேர் சேர்ந்து இயங்கும்போது மொத்தத்தில் என்ன ஒழுங்கு வருகிறது என்று பார்க்கிற துறை. "நீ எந்தத் துறைம்மா?" என்று ஒவ்வொரு நேர்முகத்திலும் கேட்பார்கள், இரண்டு பக்கமும் தெரியும் என்று பெருமையாகச் சொல்வேன். இங்கே இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. தெரிந்த விதியை மறைக்காதே என்கிறது ஒன்று, நம்பிப் பேசியவரைக் காட்டிக்கொடுக்காதே என்கிறது இன்னொன்று. பெயரை மாற்றினால் போதாதா என்றால், ஒரு வாய்க்காலுக்கு ஒரு நீர்கட்டி, ஊரில் யாருக்குத் தெரியாது? (இப்போது மட்டும் எழுதுகிறாயே என்று கேட்கலாம். எந்த வாய்க்கால் என்று சொல்லவில்லையே, டெல்டாவில் இப்படிச் செய்கிறவர் இவர் ஒருவர்தானா என்ன.)

ராத்திரித் திறப்பை மாடலில் தற்செயல் என்று போட்டேன். ஒரு நிகழ்தகவு எண், அவ்வளவுதான். மாடல் களத்தோடு முன்பைவிட நன்றாகவே பொருந்தியது, நெறியாளருக்கு ஏக சந்தோஷம். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு மூலக்கூறும் ஏன் அந்தப் பக்கம் போனது என்று கேட்காமலே வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடவில்லையா?

ஆனால் மூலக்கூறுக்குக் காரணம் கிடையாது, அவருக்கு ஒவ்வொரு மடைக்கும் ஒரு காரணம் இருந்தது. "தப்பாகாது ஐயா, சமாளிச்சுக்கலாம்" என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு, "அப்ப நான் பார்த்துப் பார்த்துத் திறக்கறதும், கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கறதும் உனக்கு ஒண்ணுதானா?" என்றார். கேலியா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. மாடலைப் பொறுத்தவரை ஒன்றுதான், அதுதான் சங்கடம். அவருடைய நியாயம் மொத்தத்தை மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்வதா, இல்லை நான் அளந்ததே தவறான இடத்திலா? நான் அளந்தது வாய்க்காலின் சராசரி மகசூல். அதில் அந்த வீட்டின் இரண்டு மா நிலம் கண்ணுக்கே தெரியாது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அது தெரிந்தால் அவரும் வெளியே தெரிந்துபோயிருப்பார். அப்படி அளக்காமல் விட்டது அவருக்காகவா, பொருந்திய மாடலைக் கலைக்க மனமில்லாமலா? கேட்கிற நாளைப் பொறுத்து வேறு வேறு பதில் வருகிறது.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. இப்போது ஒரு ஜூனியர் அதே மாடலை வெண்ணாற்றுப் பக்கம் ஒரு வாய்க்காலில் போட்டுப் பார்க்கக் கேட்டார், அனுப்பினேன். அந்தத் தற்செயல் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஊர் நீர்கட்டியிடம் போய் உட்கார்ந்து பேசு என்றேன். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பச் சொன்னார். இன்னும் அனுப்பவில்லை.